நன்னாரியும் ரூட் பீரும்: ஒரு வடசென்னை வாத்தியாரின் நாக்குக் கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வெயில் வேறு கொளுத்துகிறது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது நாலு விதமான ரூட் பீர் கொண்டுவந்து கொடுத்தான். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் ஒரு சின்னக் கலவரம். "வாத்தியார் வீட்டில் பீர் பாட்டிலா?" என்று என் சம்பந்தி அம்மாள் கேட்டேவிட்டார். அதில் சாராயம் ஒரு சொட்டும் இல்லை, வேர்ச் சாறும் சர்க்கரையும் சோடாவும்தான் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் டம்ளர்கள் வந்தன. பையன் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், குடிச்சா நம்ம நன்னாரி சர்பத் மாதிரியும் இருக்கு, முட்டிக்குத் தேய்க்கிற ஐயோடெக்ஸ் மாதிரியும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா சார்?"

ரெண்டும் ஒன்று கிடையாது. பிறந்த காரணம் மட்டும் ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம். சார்லஸ் ஹயர்ஸ் என்பவர் பிலடெல்பியாவில் மருந்துக் கடை வைத்திருந்தவர். அமெரிக்கா விடுதலை பெற்று நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட 1876-ல் அந்த ஊரில் ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. அங்கேதான் அவர் தன் வேர்ப் பானத்தைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தினார். காய்ந்த வேர், பட்டை, இலை எல்லாம் இடித்த பொட்டலம். 25 சென்ட் கொடுத்து வாங்கிப் போய், வீட்டில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்தால் 5 கேலன் பானம் கிடைக்கும். அதற்கு 'வேர்த் தேநீர்' என்று பெயர் வைக்கத்தான் அவர் நினைத்திருந்தாராம். பென்சில்வேனியாவின் சுரங்கத் தொழிலாளி தேநீர் என்றால் திரும்பிப் பார்ப்பானா, பீர் என்று வை என்று ஒரு நண்பர் சொல்ல, அப்படித்தான் ரூட் பீர் ஆயிற்று என்பார்கள்.

ஹயர்ஸ் குவாக்கர் சபையைச் சேர்ந்தவர், குடியை வெறுப்பவர். உழைத்துக் களைத்தவன் சாராயக் கடைக்குப் போகாமல் இதைக் குடிக்கட்டும் என்பது அவர் நோக்கம், கூடவே வியாபாரமும். வேடிக்கை என்னவென்றால், 1895-ல் அமெரிக்கப் பெண்களின் மதுவிலக்குச் சங்கமே 'இதில் பீர் என்று பெயர் இருக்கிறது, ஈஸ்ட் வேறு போடுகிறார்கள்' என்று அவர் பானத்தைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அரை ரொட்டியில் இருக்கும் அளவு ஆல்கஹால்தான் இதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே புறக்கணிப்பு நின்றது. பெயர் வைப்பதில் இருக்கிற ஆபத்துக்கு என் சம்பந்தி அம்மாளும் ஒரு சாட்சி.

நன்னாரிக்கு வருவோம். இங்கே ஒரு உறவுமுறைக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் நன்னாரிக்கு ஆங்கிலத்தில் 'இந்திய சார்சபரில்லா' என்று பெயர். அசல் சார்சபரில்லா மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் முள்ளோடு படரும் கொடியின் வேர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். மேகநோய்க்கு மருந்து என்று சொல்லி அங்கே பெரும் விலைக்கு விற்றது. பிறகு கம்பெனியின் மருத்துவர்கள் நம் ஊருக்கு வந்து பார்த்தால், இங்கே நாட்டு வைத்தியர்கள் அதே நோய்களுக்கு, ரத்தம் சுத்தமாக, உடல் சூடு தணிய, வேறொரு வேரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், கால் காசுக்குக் கிடைக்கிறது. விடுவார்களா? வைட்லா ஐன்ஸ்லி என்ற பட்டாள மருத்துவர் 1813-ல் மெட்ராஸிலேயே அச்சிட்ட மருந்துப் பொருள் நூலில் நன்னாரி வேரைத் தமிழ்ப் பெயரோடேயே சேர்த்திருக்கிறார். 1864-ல் பிரிட்டிஷ் அரசின் மருந்து நூலிலேயே நன்னாரி இடம் பிடித்துவிட்டது. அந்தக் கொடிக்கும் இந்தக் கொடிக்கும் தாவரவியலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நன்னாரி எருக்கஞ்செடியின் சொந்தம், கிள்ளினால் பால் வரும். ஒரே வேலையைச் செய்ததால் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தாசில்தாருக்குப் பதிலாக வந்தவரையும் தாசில்தார் என்றே கூப்பிடுவது போல.

மணத்தில் நம்முடையதுதான் ஒசத்தி. இதை ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. மெக்ஸிகோ வேருக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது. அதனால்தான் அமெரிக்கர்கள் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டையை மணத்துக்குச் சேர்த்தார்கள். கூடவே வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெயும் பிர்ச் மரப்பட்டையும். அந்த வின்டர்கிரீன் எண்ணெயைத்தான் நாம் கந்தபுரத் தைலம் என்கிறோம், மூட்டு வலிக் களிம்புகளில் சேர்ப்பது. பையனின் மூக்கு பொய் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தைக்கு அது மிட்டாய் வாசனை, நமக்கு அது பாட்டியின் முழங்கால் வாசனை.

என்னோடு வேலை பார்த்த கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் முன்பு ஒருமுறை சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். நன்னாரி மணத்துக்குக் காரணமான பொருள் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. (பயப்படாதீர்கள், பரீட்சையில் கேட்க மாட்டேன்.) அதில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள். ஐஸ்கிரீம் வாசனை தரும் வெனிலின் என்ற பொருளிலும் அதே 8, 8, 3. கந்தபுரத் தைலத்தின் மெத்தில் சாலிசிலேட்டிலும் அதே 8, 8, 3. ஒரே எழுத்துக்களை மாற்றி அடுக்கினால் வேறு வேறு சொல் வருவது போல, ஒரே அணுக்களின் மூன்று அடுக்கு. நன்னாரியை முகர்ந்தால் வெனிலா ஞாபகம் வருவதும், ரூட் பீரைக் குடித்தால் நன்னாரியும் களிம்பும் ஒரே நேரத்தில் ஞாபகம் வருவதும் யோசித்தால் அவ்வளவு ஆச்சரியம் இல்லை.

வேர் இருந்தால் சர்பத். அது சோடாவோடு சேர்ந்த கதை தனி. தண்ணீரில் கரியமில வாயுவைக் கரைக்கும் வழியை இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1767-ல் கண்டார். அதைத் தொழிலாக்கியவர் ஜெனீவாக்காரரான ஷ்வெப். வாயுவை உள்ளே அடைத்து வைக்கத் தோதான மூடி இல்லாமல் நூறு வருஷம் திண்டாடினார்கள். 1872-ல் லண்டன்காரர் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய பாட்டில்தான் நம் கோலி சோடா. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். வாயு நிரப்பும்போது பாட்டில் தலைகீழாக இருக்கும், கோலி தானாக வாய்ப்பக்கம் விழும், உள்ளே இருக்கும் வாயுவே அதை ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு எளிமை பாருங்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் கிள்ளிவிட்டது போலக் குழி வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. சாய்த்துக் குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் அங்கே தங்குவதற்கு. இங்கிலாந்தில் அந்தப் பாட்டில் எப்போதோ காட்சிப் பொருளாகிவிட்டது. நம் ஊரிலும் ஜப்பானிலும் பிழைத்துக் கிடக்கிறது.

எங்கள் ராயபுரத்துக்கு இது பொருந்தி வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று பயணிகளோடு கிளம்பியது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் என்பது வகுப்பில் என்னிடம் கொட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் துறைமுகம், கிடங்குகள். அப்புறம் வடக்கே ஒவ்வொன்றாக ஆலைகள்: திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி, 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-ல் என்ஃபீல்டு, எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்துப் பிறகு அசோக் லேலண்ட் ஆனது, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எண்ணூர் அனல் மின் நிலையம். மூட்டை தூக்குகிறவர்கள், உலை முன்னால் நிற்கிறவர்கள், காசிமேட்டில் வலை இழுக்கிறவர்கள். வேர்த்து ஊற்றும் உடம்புக்கு உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் வேண்டும். அது மூன்றும் ஒரே டம்ளரில் கிடைத்த இடம் தெருமுனை சோடாக் கடை.

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். சாயங்காலம் அவர் வரும்போது சட்டையில் எந்தச் சரக்கு இறங்கியது என்று வாடை சொல்லும். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சோடா ஃபேக்டரி இருந்தது. ஃபேக்டரி என்று பெயர்தானே தவிர, ஒரு அறை. கையால் சுற்றும் மிஷின், இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் பாட்டில்கள், பக்கத்தில் வாயு சிலிண்டர். சுற்றுகிறவர் முகத்துக்குக் கம்பி வலை கட்டியிருப்பார். பாட்டில் வெடிக்கும். வலைக்கு மேலேயும் தழும்பு இருந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். நாலணாவுக்குக் கலர் குடித்தவர்கள் யாரும் அந்த முகங்களைப் பார்த்ததில்லை, நாங்களும் சிறுவர்களாக எட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது. கலவரம் என்றால் சோடா பாட்டில் பறக்கும் என்பதும், அதனால் போலீஸ்காரர்கள் முதலில் சோடாக் கடையை மூடச் சொல்வார்கள் என்பதும் வடசென்னையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு குளிர்பானத்துக்கு இத்தனை ரத்த சம்பந்தம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

'கலர்' என்றேன். இளைய தலைமுறைக்கு: விருந்தாளி வந்தால் "ஓடிப் போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா" என்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கலர்தான். நிறமில்லாதது பன்னீர் சோடா. வயிறு சரியில்லை என்றால் ஜிஞ்சர். விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ கொஞ்சம் கௌரவமான சமாச்சாரம், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வாங்குவது. நன்னாரி மட்டும் கலர் கணக்கில் சேராது. அது சர்பத். கடைக்காரர் பாட்டிலிலிருந்து சர்பத்தை டம்ளரில் ஊற்றி, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கோலி சோடாவை உடைத்து மேலே ஊற்றுவார். நுரை விளிம்பைத் தாண்டும் முன்னால் வாய் வைக்க வேண்டும்.

இப்போது மதுவிலக்கு. இரண்டு ஊர்க் கதையும் ஒன்றுபோல ஆவது இங்கேதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பீர் காய்ச்சிய ஆலைகள் பல, இருந்த அண்டாக்களில் ரூட் பீர் காய்ச்சிப் பிழைத்தன. ஏ அண்ட் டபிள்யூ கலிபோர்னியாவின் லோடை என்ற ஊரில் 1919 ஜூனில் ஒரு தெருக்கடையாகத் தொடங்கியது. இங்கே ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார், நாட்டிலேயே முதல்முறையாக. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 வரை அது நீடித்தது. நான் ஓடி விளையாடிய காலம் அது. அந்த ஆண்டுகளில் ஆண்கள் நாலு பேர் சாயங்காலம் நின்று அரசியல் பேச, தொழிற்சங்கம் பேச, சண்டை போட, சமாதானமாக ஒரு இடம் வேண்டுமென்றால் டீக்கடை உண்டு, சோடாக் கடை உண்டு. லங்காஷையர் பஞ்சாலை ஊர்களில் மது இல்லாத மதுக்கடைகள் என்று இருந்தனவாம், அங்கே நெசவாலைத் தொழிலாளிகள் சார்சபரில்லா குடிப்பார்களாம். ராடன்ஸ்டால் என்ற ஊரில் அப்படி ஒன்று இன்றும் நடக்கிறது. நம் பெரம்பூர் பின்னி ஆலைகளுக்கு இயந்திரமும் அதிகாரியும் அனுப்பிய நாட்டில், உழைப்பாளியின் தாகத்துக்கும் நம்மைப் போலவே ஒரு வேர்தான்.

மதுவிலக்கு எல்லாரையும் சர்பத் பக்கம் திருப்பிவிட்டது என்று நான் எழுதினால் எங்கள் தெருப் பெரியவர்கள் சிரிப்பார்கள். 'ஜிஞ்சர்' என்ற சொல்லுக்கு அப்போது இன்னொரு அர்த்தம் இருந்தது. மருந்துக் கடையில் விற்ற இஞ்சி டிங்சரில் ஆல்கஹால் உண்டு. அதைச் சோடாவில் கலந்து குடித்தார்கள். அதற்கும் கீழே போனவர்கள் மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷைக் குடித்தார்கள். எங்கள் தெருவில் நல்ல தச்சர் ஒருவர், கை அவ்வளவு சுத்தம், வார்னிஷில் கண் போய்விட்டது. அதன் பிறகும் உளியைத் தடவிப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவிலும் இதே இஞ்சிதான், 'ஜேக்' என்று பெயர். 1930-ல் அதில் யாரோ கலந்த ரசாயனத்தால் ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளிகளுக்குக் கால் விளங்காமல் போனது. ஒரு டம்ளர் ஜிஞ்சர் சோடாவுக்கும் ஒரு டம்ளர் 'ஜிஞ்சர்' சோடாவுக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. கடைக்காரர் யார் என்பதைப் பொறுத்தது.

சரி, ருசிக்கு வருகிறேன், நாலு பாட்டிலும் ஆறிக்கொண்டிருக்கின்றன. (சூடாகிக்கொண்டிருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.) ஏ அண்ட் டபிள்யூ பெரிய கம்பெனிச் சரக்கு. வெனிலா முன்னால் வந்து நிற்கிறது, நுரை பால் போல மெத்தென்று இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். என் பேத்தி மொத்தத்தையும் காலி செய்தாள். பார்க்ஸ் என்பது மிசிசிபி மாநிலத்தில் 1898-ல் பிறந்தது. இதில் இனிப்பு குறைவாகத் தெரிகிறது, தொண்டையில் ஒரு கடி கடிக்கிறது, நம் கோலி சோடாவின் குணம். மற்ற இரண்டும் சின்ன அளவில் கைப்பக்குவமாகச் செய்கிற வகை. மில்வாக்கியின் ஸ்ப்ரெக்கரில் தேன் சேர்க்கிறார்கள். முதல் வாயில் தேன், நடுவில் வெனிலா, கடைசியில்தான் அந்தக் களிம்பு லேசாக எட்டிப் பார்க்கிறது. நால்வரில் இதுவே சமர்த்து. வர்ஜில்ஸ் வேறு மாதிரி. சோம்பு, அதிமதுரம், லவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் என்று லேபிளே ஒரு நாட்டு மருந்துக் கடைப் பட்டியல். குடித்தால் பிரியாணி போட்ட வீட்டில் சர்பத் குடித்தது போல இருக்கிறது. என் சம்பந்தி அம்மாள், ஆமாம், அவரேதான், இதை மட்டும் இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்.

ஐந்தாவதாக நம் நன்னாரியை வைத்தேன். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேரில் வீட்டில் போட்டது, சோடா சேர்த்து. அதில் வெனிலா உண்டு, ஆனால் ஐஸ்கிரீம் வெனிலா இல்லை. மழை பெய்த மறுநாள் மண்ணுக்குள்ளிருந்து வருகிற வெனிலா என்று சொன்னால் புரியுமா? களிம்பு வாடை துளியும் இல்லை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு மெல்லிய கசப்பு தங்குகிறது. ரூட் பீர்கள் நான்கும் வாயில் நிற்கும்போது பேசுகின்றன, நன்னாரி விழுங்கிய பிறகு பேசுகிறது. என் தீர்ப்பு அதற்கே. பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டு, அது திருவொற்றியூரில் இனித்ததாம். அந்த ஊரில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு ருசி பற்றித் தீர்ப்புச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தங்கள் இங்கே குறுக்கிடுவார்கள், தெரியும். ஏ அண்ட் டபிள்யூ கோலாலம்பூருக்கு 1963-லும் சிங்கப்பூருக்கு 1966-லும் போய்விட்டதால், அங்குள்ள தமிழர்களுக்கு ரூட் பீர் அந்நியம் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், 1883-ல் சோடாக் கம்பெனியாகத் தொடங்கிய ஃப்ரேசர் அண்ட் நீவ் விற்ற சார்சி. உடல் சூடு என்றால் அங்கே பெரியவர்கள் சார்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுப்பார்களாம். நம் கடையில் எலுமிச்சை உப்பு சோடா கேட்கும் அதே புத்தி. இலங்கையில் சிங்களவர்கள் நன்னாரியை இறமுசு என்பார்கள். துறைமுகம் இருக்கும் ஊரெல்லாம் ஒரே தாகம்.

வேர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், அதுதான் என்னைக் கொஞ்ச நாளாக உறுத்துகிறது. சாசஃப்ராஸில் உள்ள சஃப்ரோல் என்ற பொருளை அதிகமாகக் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரலில் புற்று வந்தது என்று ஆய்வில் தெரிந்ததும், 1960-ல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கக்கூடாது என்று தடை போட்டது. ரூட் பீரின் தாய் வேர் அன்றோடு போயிற்று. அப்புறம் வந்ததெல்லாம் சஃப்ரோல் நீக்கிய சாறோ, செயற்கை மணமோதான். இன்றைய கைப்பக்குவக் கம்பெனிகள் தேனும் கிராம்பும் சேர்ப்பது, காலியான அந்த நாற்காலியை நிரப்பத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வேருக்கு அப்படி எந்தத் தடையும் வரவில்லை. சட்டம் தொடாத வேரை விலை தொட்டது. எசன்ஸ் ஒரு மூடி, சர்க்கரைப் பாகு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை: பாட்டில் தயார். நன்னாரி என்று லேபிள் இருக்கும், வேர் இருக்காது. வேர் இருந்தாலும் எந்த வேர் என்று கேட்க வேண்டும். நன்னாரியின் வேர் மெல்லியது, பென்சிலைவிடச் சன்னம், நடுவில் கெட்டியான நரம்பு, சாறு குறைவு. அதனால் பலர் பயன்படுத்துவது மாகாளிக் கிழங்கு, விரல் தடிமன், சதைப்பற்று. ஆமாம், மோரில் ஊறுகாய் போடுவோமே, மூட்டைப்பூச்சி வாடை என்று மருமகள்கள் மூக்கைப் பொத்துவார்களே, அதேதான். அதன் மணப்பொருளும் அந்த 8, 8, 3 அடுக்கேதான், அச்சு அசலாக. தெலுங்கில் இந்த மணத்துக்குச் சுகந்தி என்று பெயர். நம் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய உண்டே, அவர்கள் வீட்டுப் பாட்டிகள் நன்னாரியைச் சுகந்தி சர்பத் என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். மாகாளியில் போட்ட சர்பத் மட்டம் என்று சொல்ல மாட்டேன். மணம் தூக்கல், கசப்பு குறைவு. ஆனால் அது தோட்டப் பயிர் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் சுற்றிலும் உள்ள காடுகளிலும் பாறை இடுக்கில் வளர்வதைத் தோண்டி எடுக்கிறார்கள். கிழங்கை எடுத்தால் செடி போயிற்று. அழியும் ஆபத்தில் உள்ள செடிகளின் உலகப் பட்டியலில் அது ஏறிவிட்டது. தோண்டுகிறவர்கள் மலைமக்கள், நம் திருவள்ளூர்ப் பக்கத்தில் இருளர்கள் நன்னாரியும் தோண்டுவார்கள். ஒரு கட்டு வேருக்கு அரை நாள் குனிந்து நிற்க வேண்டும். எசன்ஸ் விலைக்கு வேர் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

இதற்கிடையில் கம்பெனிக் கதைகள். 1977-ல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனது, அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒரு பானம் விட்டது, நிலைக்கவில்லை. 1993-ல் கோக் திரும்பி வந்தது, தெருமுனை மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பொவண்டோவுக்கு ஒரு வாழ்வு வந்தது. இப்போது கோலி சோடாவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பாட்டில் திரும்பி வந்துவிட்டது. உள்ளே என்ன ஊற்றுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

தண்டையார்பேட்டையில் என் மாணவன் ஒருவன் அப்பா வைத்திருந்த சர்பத் கடையை நடத்துகிறான். இன்னும் வேர்தான். பக்கத்துக் கடையில் பாதி விலை. "சார், யாருக்கும் வித்தியாசம் தெரியல, எனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று போன மாதம் கேட்டான். அவனுக்காகவும்தான் இந்தப் பதிவு. வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் சர்பத்தைக் கலந்து, ஐஸ் போடாமல், மூடி வைத்து அரை மணி கழித்து முகருங்கள். எசன்ஸ் முதலில் மூக்கில் அடித்துவிட்டு அடங்கிப் போகும், வேர் நின்று மணக்கும். நிறத்தைப் பாருங்கள். வேர்ச் சாறு வெளிர்ப் பழுப்பு. கோலா போலக் கறுத்திருந்தால் அது கருக்கிய சர்க்கரையின் உபயம், சிவந்திருந்தால் சாயத்தின் உபயம். விழுங்கிய பிறகு அந்தக் கசப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கடைக்காரரிடம் வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேர் போடுகிறவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

வீட்டில் போடுவதென்றால்: 50 கிராம் வேரை நன்றாகக் கழுவி, தட்டி, நடு நரம்பை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்து, மிதமான சூட்டில் கரைய வைத்து இறக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. வடிகட்டிய வேரைக் காயவைத்து மண்பானைத் தண்ணீரில் போடலாம், இன்னும் இரண்டு நாளைக்கு மணக்கும்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை இன்னும் வேரில் சர்பத் போடும் கடைகள் உங்களுக்குத் தெரிந்தால், தெருப் பெயரோடு கீழே எழுதுங்கள். மாகாளியா நன்னாரியா என்று அவரிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.